வாவிக்கரையில் மங்கிய விளக்கு



காத்தான்குடியிலிருந்து புறப்பட்டு, 2013இல் திறக்கப்பட்ட புதிய கல்லடிப் பாலத்தைக் கடந்தால் மட்டக்களப்புப் பட்டினம். அதற்கு வடக்கே சிறிது தூரத்தில் பாலமீன்மடு. ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரமும், பழைய வெளிச்சவீடும் அங்கேதான் உள்ளன. பள்ளிக்கூட விடுமுறையில் ஓர் இரவை அந்தக் கரையில் கழிக்க, என் மனைவியின் தம்பியுடைய வேனில் குடும்பமாகச் சென்றோம். பின்பக்கம் மெத்தை விரித்து, இருக்கைக்குக் கீழே இரண்டாவது பற்றறி பூட்டி, விளக்கும் மின்விசிறியும் வைத்திருந்தார். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நீடித்தபோது வாங்கிய சிறு ஜெனரேற்றரும் கூட வந்தது.

மஃரிப் தொழுது முடித்து உணவுப் பொதியைப் பிரித்தபோது விளக்கு மங்கியது. மின்விசிறி முனகி நின்றது. மழையும் தூறத் தொடங்கியது. தம்பி ஜெனரேற்றரை எடுத்துவந்து வேனின் பின்கதவோரம், மழை படாத இடத்தில் வைத்தார்.

“புள்ளையள் படுக்கிற வாசலடியில இத இயக்க நான் உடமாட்டன், தம்பி” என்றார் என் மனைவி.

அவர் தடுத்தது எவ்வளவு பெரிய காரியம் என்பதை எண்ணிப் பாருங்கள். ஜெனரேற்றர் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே மயங்கி இறந்துவிடுவார். கதவைத் திறந்து வைத்தாலும் அது காவலாகாது. ஜெனரேற்றர் திறந்த வெளியில், குறைந்தது 20 அடி தள்ளி, புகை நம் பக்கம் வராதபடி இருக்கவேண்டும். மழையில் அதை இயக்கவே கூடாது.

பிறகு டோர்ச் வெளிச்சத்தில் குறையைத் தேடினோம். பற்றறியிலிருந்து தீப்பற்றும் வாயு கசியலாம். அதனருகே தீக்குச்சி ஆகாது. மீற்றரைப் பற்றறியின் இரு முனைகளிலும் வைத்தால் 12.5 வோல்ட். ஓய்ந்திருக்கும் பற்றறி நிறைந்திருந்தால் 12.6 அளவில் காட்டும். ஆகவே பற்றறி நல்லதுதான். விளக்கைப் போட்டபடி அதனடியில் அளந்தால் 9 வோல்ட் மட்டுமே. மீற்றரின் கறுப்பு வயரை மட்டும் பற்றறியின் கழித்தல் முனைக்கு மாற்றி வைத்ததும் மீண்டும் 12க்கு மேல் காட்டியது. குறை திரும்பிவரும் பாதையில், அதாவது ‘ஏர்த்’ வயரில் என்று விளங்கிற்று. அது வேனின் இரும்போடு சேரும் ஆணி, உப்புக்காற்றில் துருவேறிக் கிடந்தது. பற்றறியின் கழித்தல் முனையைக் கழற்றிவிட்டு, ஆணியடியைக் கத்தியால் சுரண்டி, இறுக்கிப் பூட்டி, வசலின் தடவினோம். விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஜெனரேற்றர் தேவைப்படவே இல்லை.

சகோதரிகளே, விளக்கு மங்கினால் முதலில் இணைப்புகளைப் பாருங்கள். பற்றறி முனையில் வெண்பொடி பூத்திருந்தால் வெந்நீரில் அப்பச்சோடா கரைத்துத் துடையுங்கள். பியூஸ் எரிந்தால் தடித்த கம்பியைச் செருகாதீர்கள், வயரே தீப்பற்றும்.

வீட்டிலும் ஒன்றைக் கவனியுங்கள். மின்வெட்டில் ஜெனரேற்றர் வயரைச் சுவர் பிளக்கில் செருகினால், மின்சாரம் தெருக்கம்பிக்கு ஏறும். ட்ரான்ஸ்போமரைக் கடந்து பல ஆயிரம் வோல்ட்டாக உயரும். நமக்கு வெளிச்சம் தரக் கம்பத்தில் ஏறி நிற்கும் ஊழியருக்கு அதுவே மரணமாகலாம். அவரது வருகைக்காகவும் ஒரு வீட்டில் பிள்ளைகள் காத்திருப்பார்கள்.