இருபது சதவீதம்

14.10.2024, திங்கள்
ஊன பென்ஷனுக்கான இரண்டாவது அப்பீலும் தள்ளுபடி. அதே வரி. ‘ராணுவப் பணியால் வந்ததும் அல்ல, பணியால் கூடியதும் அல்ல.’ ஊனம் 20 சதவீதம், ஆயுள் முழுவதற்கும். நோய் ஆயுள் முழுக்க விடாது என்று அவர்களுக்குத் தெரிகிறது. எங்கே பிடித்தது என்று தெரியவில்லையா? சோறு இறங்கவில்லை.

15.10
தூக்கம் இல்லை. பின்கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். மனைவி விழித்துக்கொண்டுதான் கிடந்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கத்தியிருப்பேன். கேட்காததற்கும் கோபம்.

17.10
சென்னை. வக்கீல் 2013 தரம்வீர் சிங் தீர்ப்பைப் படித்துக் காட்டினார். சேரும்போது மெடிக்கலில் குறை எதுவும் பதியவில்லை என்றால், பின்னால் வந்த நோய் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லையென்று காட்டுவது அவர்கள் பொறுப்பு. தரம்வீருக்கு வலிப்பு. அவருக்கும் 20 சதவீதம்தான். வாலாஜா வரும்வரை மனசு லேசாக இருந்தது.

20.10, ஞாயிறு
டிரங்குப் பெட்டியைக் கொட்டினேன். சேர்ந்தபோது எடுத்த மெடிக்கல் ஷீட், மங்கிப்போன ஜெராக்ஸ். எடை 54. மார்பு விரிவு 5 செ.மீ. கடைசியில் ‘ஃபிட்’. 19 வயது. கீழே உருண்டை உருண்டையாக என் கையெழுத்து. நல்லாத்தான் போனேன்.

22.10
மாத்திரை மாற்றினார்கள். நாக்கு ஒட்டுகிறது. பாப்பா காலேஜ் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் காஷ்மீரில், குப்வாராவில் இருந்தேன். அந்த ஓடைத் திருப்பம். “அப்பா, அப்பா” என்று தோளைத் தொட்டாள். கையை உதறிவிட்டேன். அவள் முகம்.
இதற்கு 20.

25.10
வக்கீல் போன். பணியால் வந்தது என்று ஆகிவிட்டால் 20ஐ 50 ஆக்கிக் கணக்குப் போடுவார்களாம். 2014 ராம் அவதார் தீர்ப்பு. பணம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஃபீஸ் கட்ட வேண்டும். ஆனால் முதலில் அந்த வரி போக வேண்டும். ராத்திரி நாலு மணி நேரம் தூங்கினேன்.

28.10
தெருவில் வெடி ஆரம்பித்துவிட்டது. பனியன் நனைந்துவிட்டது. அண்ணன் வந்தார். “இதெல்லாம் கோர்ட்டுல சொல்லணுமாடா? நாளைக்குப் பாப்பாவுக்கு மாப்பிள்ளை பாக்க வேணாமா?” எனக்கு வார்த்தை வரவில்லை. இவள்தான் சொன்னாள்: “நல்லாத்தான் அனுப்பினோம் மாமா. அங்கதான் வந்துச்சு.” இத்தனை வருஷத்தில் இவள் இதை வாய்விட்டுச் சொல்லி இன்றைக்குத்தான் கேட்டேன்.

29.10
வக்காலத்தில் கையெழுத்துப் போட்டேன். ஆயுதப் படைத் தீர்ப்பாயம், சென்னை. நாளாகும் என்றார். ஆகட்டும். மறுபடி மெடிக்கல் போர்டு போட்டால் வருவீர்களா என்றார். வருவேன். ராத்திரி நடப்பது முழுவதையும் சொல்வேன். இவளையும் கூட்டிப்போவேன், இவள் பார்த்ததை இவளே சொல்லட்டும்.