கல்வியும் கூலியும்

கூலி என்ற சொல்லைக் கேட்டதும் மண்வெட்டியும் சும்மாடும் நம் நினைவுக்கு வருகின்றன. அரபியில் 'உஜ்ரத்' என்னும் சொல்லுக்கு இத்தகைய வேற்றுமை இல்லை. மூட்டை தூக்குபவர் பெறுவதும் உஜ்ரத். பாடம் நடத்துபவர் பெறுவதும் உஜ்ரத். ஃபிக்ஹு நூல்களில் 'இஜாரா' என்னும் பகுதியை மாணவர்க்கு ஓதிக்கொடுக்கும்போதெல்லாம், கற்ற கல்விக்கும் பெறும் கூலிக்கும் உள்ள உறவு எத்தகையது என்று எண்ணுவேன்.

சென்ற ஆண்டு மாணவர் ஒருவரின் தந்தை என்னிடம் வந்தார். "ஹஜரத், இவன் ஏழு வருஷம் ஓதி முடித்தால் என்ன சம்பளம் கிடைக்கும்? இப்போதே சபருக்கு அனுப்பிவிட்டால் என்ன?" என்று கேட்டார். மார்க்கக் கல்வியை விலை பேசுகிறார் என்று அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. மூன்று பெண் மக்களைப் பெற்ற ஏழைத் தந்தையின் கேள்வி அது. அதற்கு நேர்மையான விடை தரவேண்டியது ஆசிரியரின் கடமையல்லவா?

ஆடம் ஸ்மித் என்னும் பொருளியல் அறிஞர் 1776இல் வெளியிட்ட நூலில், நெடுநாள் உழைத்துத் தொழில் கற்றவரை விலையுயர்ந்த இயந்திரத்துக்கு ஒப்பிட்டார். இயந்திரம் தனக்கு இட்ட முதலை மீட்டுத் தருவதுபோல், கற்பதற்கு ஆன செலவையும் காலத்தையும் கூலி மீட்டுத் தரவேண்டும் என்பது அவர் கருத்து. நம் நாட்டில் 2019இல் இயற்றப்பட்ட ஊதியச் சட்டத் தொகுப்பும், குறைந்தபட்சக் கூலியை வகுக்கையில் பயிற்சியற்றோர், ஓரளவு பயிற்சி பெற்றோர், பயிற்சி பெற்றோர், உயர் பயிற்சி பெற்றோர் என்னும் நான்கு படிகளைக் கூறுகிறது. படி உயர உயரக் கூலியும் உயரும் என்பதே பொது விதி.

ஆயினும் அவ்விதி எங்கும் ஒரே சீராகச் செல்வதில்லை. எங்கள் மஹல்லாவில் தரைக்கல் பதிக்கும் கொத்தனார் ஒருவர் இருக்கிறார். சிறுவயதில் என்னிடம் குர்ஆன் ஓதியவர். அவர் பத்து நாளில் ஈட்டுவதை நான் ஈட்ட ஒரு மாதம் ஆகிறது. அவர்மீது எனக்குப் பொறாமை இல்லை. தாவூது நபியவர்கள் தம் கையால் கவசம் செய்து உண்டவர்கள்; கைத்தொழிலின் மேன்மைக்கு வேறு சான்று வேண்டுமா?

இதன் காரணத்தை இப்னு கல்தூன், 1377இல் எழுதிய 'முகத்திமா'வில் ஆராய்ந்திருக்கிறார். காஜியார், முஃப்தி, ஆசிரியர், இமாம், முஅத்தின் ஆகியோர் பெரும்பாலும் செல்வம் சேர்ப்பதில்லை என்பதற்குத் தனி அத்தியாயமே வகுத்தார். மக்கள் தமக்கு உடனடித் தேவை என்று உணர்வதற்கே பொருளை அள்ளித் தருவர். மார்க்கப் பணியை அவ்வாறு உணர்வோர் சிலரே. இப்பணியாளரும் தம் பணியின் கண்ணியம் கருதிப் பிறர் வாயிலில் பணிந்து நிற்பதில்லை. இக்கருத்தை ஒருவர் மறுத்தபோது, கலீஃபா மாமூன் காலத்துக் கணக்கேடுகளில் காஜியார், இமாம், முஅத்தின் ஆகியோரின் சம்பளத்தைக் காட்டி அவரை ஒப்புக்கொள்ளச் செய்தாராம்.

தேவையோடு அங்கீகாரமும் சேர்ந்தே கூலியை நிர்ணயிக்கிறது. என்னோடு ஒரே பாயில் அமர்ந்து ஓதிய நண்பர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் 'அஃப்ஸலுல் உலமா' தேர்வையும் எழுதினார். அரசு உதவி பெறும் பள்ளியில் அரபி ஆசிரியரானார். அரசின் ஊதிய விகிதமும் ஓய்வூதிய உரிமையும் அவருக்குக் கிடைத்தன. நாங்கள் இருவரும் ஓதிய கிதாபுகள் ஒன்றே. அவரிடம் கூடுதலாக இருந்தது ஒரு சான்றிதழ்.

சபர் செல்வோர் நிலையும் இதுவே. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அரசின் தனி அனுமதி பெறவேண்டும். தேறியவர்க்கு அது தேவையில்லை. அவ்விதி ஏழைத் தொழிலாளியின் பாதுகாப்புக்காகவே ஏற்பட்டது. எனினும் அக்கடவுச்சீட்டு, இவரிடம் பள்ளிச் சான்று இல்லை என்பதையும் முதலாளிக்குச் சொல்லிவிடுகிறது. கையில் நல்ல தொழில் இருந்தும் கடைசிப் படியிலேயே நின்றவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்!

ஆகவே அந்தத் தந்தையிடம் இவ்வாறு சொன்னேன்: "பையன் ஓதட்டும். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்பையும் எழுதட்டும். அதன்பின் தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணியாளர் படிப்பு இரண்டு ஆண்டு, பற்றவைப்புத் தொழில் ஓராண்டு. பிழைப்புக்கு ஒரு தொழில் கையில் இருந்தால், நாளை மிம்பரில் நின்று உண்மை சொல்லும்போது யாருடைய முகத்தையும் பார்க்கவேண்டியதில்லை." பையன் இப்போது மதரஸாவில் ஓதிக்கொண்டே தேர்வுக்கும் படித்துவருகிறான்.

கைப்பழக்கத்தால் தொழில் கற்றவர்களுக்கும் வழி உண்டு. 2015இல் தொடங்கிய பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், முன்பே கற்ற திறனைச் சோதித்துச் சான்று வழங்கும் பிரிவும் அமைந்தது. இத்தகைய வாய்ப்புகளை ஜும்ஆ அறிவிப்புகளில் சொன்னால் எத்தனையோ குடும்பங்கள் பயன்பெறும்.

ஜமாஅத்துப் பெரியவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கொத்தனாரின் கூலியைச் சந்தை நிர்ணயிக்கிறது. இமாமின் கூலியை நிர்ணயிப்பவர்கள் நீங்கள். 'எங்கே போய்விடப் போகிறார்' என்ற கணக்கை ஒதுக்கிவிட்டு, அவர் கற்ற ஆண்டுகளையும் அவர் வீட்டு அடுப்பையும் எண்ணிப் பார்த்து அத்தொகையை எழுதுங்கள்.