பெருவிரற் கல்வி

பெருவிரல் என்றவுடன் ஏகலைவனை நினைப்பது நம்மவர் வழக்கம். குருதட்சிணையாக அவன் அறுத்துக் கொடுத்த அவ்விரலின் அருமையை அறுபது வயதைக் கடந்த பின்னரே நாம் உணர்ந்தோம். உணர்த்தியது வில் அன்று. ஒரு மீன்பிடி றீல். சைவ உணவன்றி வேறறியாத இவருக்கு மீன்பிடி றீல் எதற்கென்று எம்முடன் படித்தோர் சிலர் நகைக்கக்கூடும். அன்னார் சற்றுப் பொறுத்துக் கேட்பாராக.

1972 ஆம் ஆண்டில் நாம் கல்லூரி விடுதியில் இருந்தோம். ஒரு சனிக்கிழமை மாலை, அறைத்தோழர் ஒருவருடன் கெட்டம்பேயில் மகாவலிக் கரைக்குச் சென்று, தங்கூசி நூலில் ஒரு தூண்டில்முள்ளைக் கட்டி, ஆற்றில் வீசிக் காத்திருந்தோம். மீன் வரவில்லை, விடுதி மேற்பார்வையாளர் வந்தார். பிரம்படி நிச்சயமென்று நடுங்கி நின்றோம். அவரோ முள்ளை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டு, நூலை எம் கையிலே திருப்பித் தந்தார். "நூல் ஒரு பாவமும் செய்யவில்லை. பட்டம் ஏற்றுங்கள்" என்றார். அவ்வளவே தண்டனை.

அத்தோழர் 1983 ஆடிக் கலவரத்தில் வீட்டையும் தொழிலையும் இழந்து, மறு ஆண்டு கனடா சென்றார். சென்றவர், "நீயும் வந்துவிடு, இங்கே உனக்கும் இடம் பார்த்திருக்கிறேன்" என்று எழுதினார். அன்புடன் எழுதிய கடிதம் அது. நாமோ, கண்டியை விட்டு ஓடியவர் எமக்குப் புத்தி சொல்ல வேண்டியதில்லை என்று பதில் எழுதினோம். எழுதிய கை அஞ்சற் பெட்டி வரை நின்று யோசிக்கவில்லை. அதன் பின் அவரிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. நாமும் எழுதவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன.

2016 ஆம் ஆண்டில் பழைய மாணவர் ஒன்றுகூடலுக்காக அவர் கண்டிக்கு வந்தார். கைகுலுக்கினோம், நலம் விசாரித்தோம், இருவரும் அக்கடிதத்தைப் பற்றிப் பேசவில்லை. புறப்படுமுன் ஒரு சிறு பெட்டியை நீட்டினார். அதனுள்ளே இருந்தது 'பேட்காஸ்டிங்' எனப்படும் வகையைச் சேர்ந்த றீல். "முள்ளில்லாமல் எறியலாம் மச்சான். ஈயக்குண்டு போதும். பாவமில்லை" என்றார். அவர் சொன்னது வேடிக்கையன்று. குறிவைத்து எறிதலையே தனி விளையாட்டாகக் கொண்டோர் பல நாடுகளில் உளர். அதற்கெனச் சர்வதேச சம்மேளனமும் உண்டு. 1981 இல் தொடங்கிய உலக விளையாட்டு விழாவிலும் அது ஒரு போட்டியாக இடம்பெற்றது.

இக்கருவியின் இயல்பை மாணவர் பொருட்டுச் சிறிது விளக்குதல் தகும். சாதாரண றீலில் நூற்சுற்று அசையாது நிற்க, நூல் அதன் விளிம்பால் வழுவிச் செல்லும். இதிலோ நூற்சுற்றே சுழன்று நூலை விடுகிறது. எறிந்த குண்டு புறப்படும்போது மிக விரைவாகச் செல்லும். காற்றின் தடையால் அதன் வேகம் வரவரக் குறையும். சுழலத் தொடங்கிய உருளையோ தன் சடத்துவத்தால் அதே வேகத்தில் சுழல முற்படும். குண்டு கேட்பதிலும் அதிகமான நூலை உருளை கொடுத்துவிடுகிறது. போக வழியில்லாத நூல் உருளையின்மேற் புடைத்தெழுந்து, தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, தூக்கணாங்குருவிக் கூடுபோல் ஆகிவிடும். இதனையே 'பாக்லாஷ்' என்று அஞ்சுவர்.

இதனைத் தடுக்க அறிஞர் பலர் முயன்றனர். இவ்வகை றீலை அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதன்முதல் அமைத்தவராகச் சொல்லப்படும் ஜோர்ஜ் சினைடர் ஒரு கடிகாரத் தொழிலாளர். 1952 இல் 'அம்பாசடர்' என்னும் புகழ்பெற்ற றீலை வெளியிட்ட சுவீடன் நாட்டு 'ஆபு' நிறுவனமும் 1921 இல் கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கப்பட்டதே. உருளை விரைந்து சுழலும்போது சிறு கட்டைகள் வெளிப்புறம் தள்ளுண்டு உராய்ந்து வேகத்தைத் தணிக்கும் மையநீக்கத் தடை அதில் உண்டு. பின்னர்க் காந்தத் தடையும் வந்தது. எனினும், கடிகாரக்காரர் எவரும் பெருவிரலுக்கு ஓய்வு கொடுத்தாரல்லர். உருளையின்மேல் இலேசாகப் படிந்து, மிகையான சுழற்சியை அடக்கி, குண்டு நீரைத் தொடும் கணத்தில் முற்றாக நிறுத்த வேண்டிய பொறுப்பு அவ்விரலுடையதே.

மறுநாட் காலை இருவரும் திகனப் பக்கமாக விக்டோரியா நீர்த்தேக்கக் கரைக்குச் சென்றோம். 122 மீற்றர் உயரமுள்ள அந்த அணை 1985 இல் திறக்கப்பட்டது. நாம் சிறுவராய் இருந்தபோது பேருந்திற் கடந்து சென்ற பழைய தெல்தெனிய நகர் அந்நீரின் அடியிலே கிடக்கிறது. நண்பர் நாட்டைவிட்டுப் போனபோது அந்நகரின் மேல் இவ்வளவு நீர் இல்லை. அவர் வெகுநேரம் பேசாமல் நோக்கி நின்றார்.

பின்பு பாடம் தொடங்கியது. முதலில், தடியைக் கிடையாகப் பிடித்துக் குண்டைத் தொங்கவிட்டு, பக்கத்துத் திருகை மெல்ல இளக்க வேண்டும். குண்டு மெதுவாக இறங்கி, நிலத்தைத் தொட்டவுடன் உருளையும் நிற்குமாயின் அதுவே சரியான அளவு. தொடக்கத்தில் தடையை மிகுத்து வைத்தல் நன்று. கை பழகப் பழகக் குறைக்கலாம். குண்டு பாரமாக இருத்தல் வேண்டும். பாரம் குறைந்தால் வித்தை கடினமாகும். காற்றை எதிர்த்து எறியலாகாது. வெட்டி இழுக்காமல், ஒரே சீராக வீச வேண்டும்.

இத்தனையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, முதல் எறியிலேயே முழுப்பலத்தையும் காட்டினோம். குண்டு பத்து யார் தூரமும் செல்லவில்லை. உருளையில் ஒரு கூடு எழுந்தது. வெட்கமும் சினமும் மேலிட, நூலைப் பற்றி இழுத்தோம். இழுக்க இழுக்க முடிச்சு இறுகியது. கத்தியை எடுத்து அறுக்க முற்பட்டபோது நண்பர் எம் கையைப் பிடித்தார்.

"இழுக்காதே மச்சான், இழுத்தால் இறுகும். அறுக்கவும் வேண்டாம்."

றீலை வாங்கினார். பெருவிரலை உருளையின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, கைபிடியை முன்னோக்கி இரண்டு சுற்றுச் சுற்றினார். பின் நூலை மெல்ல வெளியே விட்டார். மடிப்புகளிற் பல தாமே அவிழ்ந்தன. எஞ்சிய கண்ணிகளை ஒவ்வொன்றாக நகத்தால் தூக்கி விடுவித்தார். கால் மணி நேரம் சென்றிருக்கும். அத்தனை நேரமும் அவர் முகத்திற் சினமில்லை.

அவ்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்த எமக்கு அந்தப் பழைய கடிதம் நினைவுக்கு வந்தது. "அன்று நான் அப்படி எழுதியிருக்கக்கூடாது" என்றோம். அவர் தலைநிமிரவில்லை. "நானும் ஒரு பதில் எழுதியிருக்கலாம். எழுதிக் கிழித்துப் போட்டேன்" என்றார். சிறிது நேரங்கழித்து, "இந்தா, எறி" என்று றீலைக் கையிலே தந்தார்.

அன்று 40 தடவை எறிந்தோம். 31 தடவை கூடு கட்டினோம். நண்பர் எண்ணிக் கணக்கு வைத்தார். நான்காம் நாள் அவர் ரொறன்ரோ திரும்பினார். நாம் வீட்டு முற்றத்தில் ஒரு பழைய சைக்கிள் டயரை இலக்காக இட்டு நாள்தோறும் காலையிற் பழகினோம். மூன்றாம் மாதத்தில் ஒரு நாள், 20 தடவை எறிந்தும் ஒரு சிக்கும் விழவில்லை. அச்செய்தியைத் தெரிவிக்க அன்றே அவருக்கு எழுதினோம். இம்முறை எழுதியதை மும்முறை படித்துப் பார்த்தே அஞ்சலில் இட்டோம். பதில் வந்தது. இன்றும் வருகிறது.

இப்பொழுதும் சில நாட்களிற் சிக்கு விழத்தான் செய்கிறது. காற்று மாறும், மனம் வேறெங்கோ போகும், விரல் ஒரு கணம் பிந்தும். ஆயினும் கத்தியை எடுப்பதில்லை. எங்கள் விடுதி மேற்பார்வையாளர் இன்றில்லை. அவர் எடுத்துக்கொண்ட முள் எமக்கு வேண்டியதில்லை. திருப்பித் தந்த நூல் போதும். கல்லூரியிற் பயிலும் இளைஞர்களுக்கு யாம் கூறத்தக்கது இதுவே: வீசும்போது விரல் விழிப்பாயிருக்கட்டும், சிக்கினால் இழுக்காதீர்கள். எம்மைப்போல் முப்பத்திரண்டு ஆண்டுகள் காத்திருக்கவும் வேண்டாம்.

எம் கல்லூரி நீடு வாழ்க!