கட்டை யார் வெச்சது?

மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கி, பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் நந்தி சிலை தலை காட்டும்போதெல்லாம் எங்கள் பிக்கப்புக்கு வேலை வந்துவிடும். தண்ணீர் விலகிய வண்டலில் விளைந்த சோளத்தட்டையைக் கரைமேல் ஏற்றிவர வேண்டும். அந்தச் சரிவில்தான் ஒருநாள் பின்சக்கரம் குதிக்க ஆரம்பித்தது. முதல் கியரில் மிதித்தால் டயர் பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். தடதடவென்று வண்டியோடு சேர்ந்து முதுகும் அதிரும்.

"உங்கப்பா ஓட்டினப்ப ஒருநாளும் குதிச்சதில்லையே" என்றார் அம்மா. அண்ணனும் அதையே சொன்னான். அந்த வார்த்தை முள்ளாக உறுத்தியது. அப்பா காலத்தில் இல்லாத குதிப்பு என் கையில் எப்படிப் பிறந்தது?

"காலி வண்டி குதிக்கத்தான் செய்யும்" என்றார் ஒரு மெக்கானிக். பாதி பாரத்திலும் குதித்தது. டயரை மாற்றிப் பார்த்தேன். பிறகு பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் புதிதாக வாங்கினேன். கையிருப்பு கரைந்தது, குதிப்பு நிற்கவில்லை. வேகத்தடையில் வண்டி ஒழுங்காகவே ஏறி இறங்கியது. இழுவையில் மட்டும்தான் துள்ளியது. அந்த வித்தியாசத்தைக் கவனிக்காமலே ஒரு மாதம் போய்விட்டது.

ஷாக் மாட்டும்போது வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். ஒரு ஷாக் அச்சுக்கு முன்னே சாய்ந்திருந்தது, இன்னொன்று பின்னே. யாரோ தப்பாக மாட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். "கம்பெனியிலயே அப்படித்தாங்க வரும்" என்றார் மெக்கானிக். ஏன் என்று கேட்டால் அவரிடம் பதிலில்லை. என் தேடல் திசை மாறியது அங்கேதான்.

பதில் அமெரிக்காவில் கிடைத்தது. செவ்ரோலே கமாரோ கார் 1967 மாடலாக வந்தபோது, பின்னால் ஒற்றைப் பட்டை ஸ்பிரிங்தான். வேகமாகக் கிளப்பினால் பின்சக்கரம் துள்ளியது. 1968 மாடலில் ஷாக்குகளை ஒன்று முன்னே, ஒன்று பின்னே என்று மாற்றினார்கள். பெரிய எஞ்சின் வண்டிகளுக்குப் பல பட்டை அடுக்கிய ஸ்பிரிங்கும் கொடுத்தார்கள்.

காரணம் எளிது. அச்சு சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும்போது, அச்சின் ஹவுசிங் எதிர்ப்பக்கம் சுழலப் பார்க்கும். இந்த மாதிரி வண்டிகளில் முதல் கியர் ஏறக்குறைய 4 மடங்கும், கிரவுன் பினியன் இன்னொரு 4 மடங்கும் எஞ்சினின் முறுக்கைப் பெருக்குகின்றன. ஏறத்தாழ 16 மடங்கு முறுக்கைத் தாங்கி ஹவுசிங்கைப் பிடித்து நிறுத்துவது பட்டை மட்டும்தான். அது பாம்புபோல் நெளிந்து கொடுக்கும். டயர் வழுக்கியதும் சட்டென்று நிமிரும். டயர் மறுபடி பிடித்ததும் மறுபடி நெளியும். நான் மேலும் கீழுமான ஆட்டத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். நோய் முறுக்கில் இருந்தது.

மேட்டூரில் பட்டை வேலை செய்யும் வயதான மேஸ்திரி ஒருவரிடம் போனேன். "இன்னொரு பிளேட் சேத்துப் போடுங்க, முறுக்கு நிக்கட்டும்" என்றேன்.

"போட மாட்டேன்."

மறுநாள் போனேன். குனிந்து பார்த்தவர், "கட்டை யார் வெச்சது?" என்றார். எந்தக் கட்டை என்று எனக்குப் புரியவில்லை. அவரும் விளக்கவில்லை. "தெரிஞ்சுக்கிட்டு வா" என்று உலைப்பக்கம் திரும்பிவிட்டார்.

மூன்றாம் நாள் அவருக்கே மனமிரங்கியது. முன்சக்கரத்துக்குக் கல் வைத்து, பட்டறைப் பையனை உட்கார வைத்து, முதல் கியரில் கிளட்சை மெல்ல விடச் சொன்னார். "பக்கத்துல நின்னு பாரு, தம்பி." பினியன் மூக்கு மேலே எழுந்தது. பட்டையின் முன்பாதி நிமிர்ந்தது, பின்பாதி வளைந்தது. முன்கண்ணில் தேய்ந்த ரப்பர் புஷ் பெருவிரல் அகலம் நகர்ந்தது. பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே, கிரீஸ் பூசிய இரண்டங்குல இரும்புக் கட்டை இருந்தது.

கிரீஸைத் துடைத்தேன். உள்ளே பச்சைப் பெயின்ட். எங்கள் வீட்டு கேட்டின் பச்சை. துரு பிடிக்காமலிருக்க அப்பா எதற்கும் அடிப்பது அதே டப்பா.

மீனும் ஐஸும் ஏற்றத் தொடங்கிய காலத்தில் பின்பக்கம் தாழ்ந்துபோனது எனக்கும் நினைவிருக்கிறது. கட்டை வைத்து உயர்த்தியிருக்கிறார். ஆனால் கட்டை பட்டையை அச்சிலிருந்து விலக்குகிறது. கடப்பாரை நீளமானால் கல் சுலபமாகப் பெயர்வதுபோல, சக்கரத்தின் தள்ளல் பட்டையை இன்னும் எளிதாக முறுக்கிவிடும்.

அம்மா சொன்னது பொய்யில்லை. அப்பா காலத்தில் புஷ் புதிது, வண்டியில் எப்போதும் பாரம். டயர் வழுக்க இடமில்லை. குதிப்பு என் காலத்தில் வெளிப்பட்டது, அவர் காலத்திலேயே பிறந்துவிட்டது. ஒரு பழுது தெரியவரும் நாளும் அது விதைக்கப்பட்ட நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை அந்தப் பச்சைப் பெயின்ட்டில் கற்றேன்.

கட்டையை எடுத்த பிறகுதான் மேஸ்திரி பிளேட்டைப் பற்றிப் பேசினார். பாரம் ஏறினால் மட்டும் தொடுகிற ஹெல்பர் பிளேட் ஒன்று, புதிய புஷ், கட்டை இல்லாத உயரத்துக்கு ஏற்ற குட்டை யூ போல்ட்டுகள். "500 கிலோமீட்டர் ஓட்டிட்டு வா, மறுபடி முறுக்கணும்" என்றார்.

பண்ணவாடிச் சரிவில் வண்டி குதிக்காமல் ஏறியது. 500 கிலோமீட்டர் முடிந்ததும் போனேன். நட்டுகள் இன்னும் அரைச்சுற்று வாங்கின. கட்டை வீட்டில் இருக்கிறது. காற்றில் ஆடும் அந்தப் பச்சை கேட்டுக்கு இப்போது அதுதான் அடைகல்.