இருபதாவது கல்யாண நாளும் ஐந்து நாள் கப்பலும்

கல்யாண நாள் என்றால் நம் வீடுகளில் என்ன விசேஷம்? காலையில் கோவிலுக்குப் போய் ஓர் அர்ச்சனை. மத்தியானம் வடை, பாயசம். அந்த வடையையும் பாயசத்தையும் செய்கிறவள் யார்? கல்யாண நாள் கொண்டாடுகிற அதே மகராசிதான்! பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு நிமிரும்போது ராத்திரி மணி பத்தாகியிருக்கும். பத்தொன்பது வருஷம் எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

நாங்கள் கோயமுத்தூர்க்காரர்கள். என் கணவர் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஆயுத பூஜை, பொங்கல் இரண்டுக்கும்தான் பட்டறைக்குப் பூட்டு. எனக்குப் பிளஸ் டூ முடித்த கையோடு 2000-ஆம் வருஷம் தை மாசம் கல்யாணம். இருபதாவது வருஷத்துக்கு இரண்டு வளையல் செய்து போட்டுக் கொள்ளலாம் என்று சீட்டுக் கட்டி வந்தேன். சீட்டுப் பணம் கைக்கு வந்த அன்று, காலேஜில் படிக்கிற மூத்த மகள்தான் ஆரம்பித்து வைத்தாள். "வளையல் எங்கம்மா ஓடிப் போயிரும்? ரெண்டு பேரும் கப்பல்ல போயிட்டு வாங்க."

கப்பல் பயணமெல்லாம் பணக்காரர்கள் சமாசாரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலாச் சங்கம் 'சமுத்திரம்' என்ற பெயரில் ஒரு பயணம் நடத்தியது. கொச்சியில் கப்பலேறி, பகலில் ஒவ்வொரு தீவாக இறங்கிப் பார்த்து, ராத்திரி கப்பலிலேயே தூங்கி, ஐந்தாம் நாள் காலையில் கொச்சிக்கே திரும்பி விடலாம். சாப்பாடு, படுக்கை எல்லாம் அதிலேயே அடக்கம்.

என் மாமியாருக்கு மனசே இல்லை. "கடல் மேல போயி என்னத்தக் கண்ணு கொண்டாறப் போறீங்க? பழனிக்குப் போயிட்டு வாங்க" என்றார். இவரோ வாயே திறக்கவில்லை. மறுநாள் காலையில் பட்டறைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, "போலீஸ் சர்ட்டிபிகேட் வாங்கோணுமாமா? போட்டோ எத்தனை வேணும்?" என்று கேட்டார். அதுதான் சம்மதம்!

லட்சத்தீவு நம் நாட்டைச் சேர்ந்ததுதான் என்றாலும் அனுமதிச் சீட்டு இல்லாமல் போக முடியாது. மொத்தம் 36 தீவுகள். அவற்றில் 10 தீவுகளில்தான் மக்கள் வசிக்கிறார்கள். எல்லாத் தீவையும் சேர்த்தாலும் நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர்தான். வெளியாட்கள் இஷ்டத்துக்கு வந்து இறங்கினால் அந்தத் தீவுகள் தாங்குமா?

2020 ஜனவரியில், பொங்கல் கழிந்த அடுத்த வாரம் கிளம்பினோம். விடியற்காலை ரயிலேறி எர்ணாகுளம், அங்கிருந்து துறைமுகம். 'எம்.வி. கவரத்தி' என்ற அந்தக் கப்பல் நம் விசாகப்பட்டினத்தில் கட்டியது. 700 பேர் போகலாம். சினிமாவில் பார்க்கிற மாதிரி ஆடம்பரம் எதுவும் கிடையாது. பாதிப் பேர் தீவுக்காரர்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்புகிற பாட்டிகள், அரிசி மூட்டை, டி.வி. பெட்டியோடு ஏறுகிற குடும்பங்கள். எனக்கு அதுவே நிம்மதியாக இருந்தது.

எங்களுக்குக் கிடைத்தது நான்கு பேர் படுக்கும் அறை. கல்யாண நாளுக்கு வந்தவர்களுக்கு இன்னொரு ஜோடியோடு பங்கு! பாலக்காட்டிலிருந்து வந்த ஓர் ஓய்வுபெற்ற வாத்தியாரும் அவர் மனைவியும். அந்த அம்மாள் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு இருவரும் கீழ்க்குரலில் பேச ஆரம்பித்தார்கள். என்னதான் பேச்சு என்று காதைத் தீட்டிக்கொண்டேன். மத்தியானம் சாப்பிட்ட மீன் குழம்பு, கப்பலின் சங்குச் சத்தம், பேரன் பல் விழுந்தது. அவ்வளவுதான். ஆனால் பேச்சு ஓயவே இல்லை. எதிர்ப் படுக்கையில் நாங்கள் இருவரும் கட்டை மாதிரிக் கிடந்தோம்.

அதற்கு முன் சாயந்திரமே எனக்கு அது உறைத்திருந்தது. கப்பலில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்தால் பரிமாறுகிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் பழக்க தோஷம், தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து விட்டேன்! "அங்கேயே வச்சுட்டுப் போங்கம்மா" என்றார் பரிமாறியவர். மேல்தளத்துக்கு வந்து நின்றால் செய்ய ஒரு வேலையும் இல்லை. செல்போனிலும் சிக்னல் இல்லை. இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பால், மளிகை, பையன் பரீட்சை, பட்டறைக் கரண்ட் பில் இவற்றை விட்டால் எங்களுக்குள் பேசுவதற்கு வேறு எதுவும் இல்லையோ என்று பயமாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை கவரத்தி. கொச்சியிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர். தீவைச் சுற்றிப் பவளப்பாறை இருப்பதால் பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. வெளியே நின்று விடுகிறது. கப்பலின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, கீழே ஆடுகிற படகில் இறக்கி விடுகிறார்கள். படகு ஓர் ஆள் உயரம் ஏறும், இறங்கும். அது மேலே வருகிற நொடியில் காலை எடுத்து வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் மாலுமிகள் கையைப் பிடித்துக் கொள்வார்கள். எனக்கு உடம்பெல்லாம் வெலவெலத்தது. முதலில் இறங்கிவிட்ட இவர் கீழேயிருந்து, "என்னையப் பாத்துட்டே வா, தண்ணியப் பாக்காதே" என்று கத்தினார். பட்டறைச் சத்தத்தில் கத்திப் பழகிய குரல் அன்றைக்கு உதவிற்று!

கவரத்தியில் அடிப்பக்கம் கண்ணாடி வைத்த படகில் கூட்டிப் போனார்கள். கீழே பவளப்பாறைகள், மஞ்சளும் நீலமுமாக மீன்கள். பவளம் கல் அல்ல, கோடிக்கணக்கான சின்னஞ்சிறு உயிர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய வீடு என்று படகுக்காரர் சொன்னார். ஒரு துண்டுகூட எடுத்து வரக் கூடாது, சட்டப்படி குற்றம்.

மூன்றாம் நாள் கல்பேனி. இந்தத் தீவுகளில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஆனாலும் குடும்பமும் தறவாட்டுச் சொத்தும் தாய் வழியில்தான் வந்தன. பழைய வழக்கப்படி கல்யாணத்துக்குப் பிறகும் பெண் தன் தாய் வீட்டிலேயே இருப்பாள். கணவன்தான் ராத்திரி அங்கே வந்து போவான். எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்த ஒரு பெரியம்மா இதைச் சொன்னபோது, நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். "நம்மூருக்குச் சரிப்படாது" என்றார். வாத்தியாரம்மாவும் நானும் சிரித்த சிரிப்பில் இளநீர் புரையேறி விட்டது.

அன்று ராத்திரிதான் கப்பல் மினிக்காய்க்குக் கிளம்பியது. அறைக்குள் புழுக்கமாக இருந்ததால் இருவரும் மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தோம். நல்ல காற்று. அப்படியொரு நட்சத்திரக் கூட்டத்தைக் கோயமுத்தூரில் நான் பார்த்ததே இல்லை. பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தது. இவர் விரல் விட்டு எண்ணினார். "பெரியவளுக்குப் பத்தொம்பது. பையனுக்குப் பதினாலு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நடுவுல உள்ளவளுக்குப் பதினாறு ஆயிருக்கும்" என்றார்.

எனக்கு மூச்சே நின்று போயிற்று.

2004-இல் எங்களுக்கு இரண்டாவதாக ஒரு பெண் குழந்தை எட்டாம் மாசத்தில் வயிற்றிலேயே தவறிப் பிறந்தது. எனக்கு முகத்தைக்கூடக் காட்டவில்லை. "பாத்தா மனசு தாங்காது, மறந்துரு, அடுத்தது தங்கும்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். பால் கட்டிக்கொண்டு மார்பு வலித்ததை மட்டும் யாரும் மறக்கச் சொல்லவில்லை. இவரிடமும், "அவ முன்னால அந்தப் பேச்சையே எடுக்காதே" என்று சொல்லி வைத்திருந்தார்களாம். நான் கேட்டால் இவர் வருத்தப்படுவார் என்று நான் கேட்கவில்லை. இவர் சொன்னால் நான் அழுவேன் என்று இவர் சொல்லவில்லை. இப்படியே பதினாறு வருஷம் போய் விட்டது.

"எங்கீங்க வச்சீங்க?" என்று கேட்டேன். அந்த ஒரு கேள்வி அத்தனை வருஷமும் என் தொண்டையில் நின்றிருந்தது.

"ஆத்தோரம், புங்க மரத்தடியில. என்ற துண்டுலதான் சுத்திக் கொண்டு போனேன். முடி நெறைய இருந்துச்சு. மூக்கு உன்ற மாதிரி." பிறகு, "வருசா வருசம் அந்தத் தேதிக்குப் பட்டறை தொறக்கறதுக்கு முன்னால போயிட்டு வருவேன்" என்றார்.

நான் அழுதேன். இவரும் அழுதார். யாரும் எங்களைப் பார்க்கவில்லை, பார்த்தாலும் கவலையில்லை. அப்புறம் விடிய விடியப் பேசினோம். நான் மருந்து நெடியோடு படுத்திருந்த அந்த வார்டைப் பற்றிச் சொன்னேன். இவர் மூன்று நாள் பட்டறையில் விளக்கே போடாமல் உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். எனக்கு அது தெரியவே தெரியாது.

மினிக்காய் காலையில் தெரிந்தது. 1885-இல் கட்டிய கலங்கரை விளக்கம் அங்கே இருக்கிறது. முட்டி வலியோடு மெதுவாக ஏறினேன். இவர் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று வந்தார். மேலேயிருந்து பார்த்தால் தீவு முழுதும் பிறை மாதிரி வளைந்து கிடக்கிறது. அந்த ஊரில் மஹல் என்ற வேறு பாஷை பேசுகிறார்கள். நம் கடைகளில் வாங்குகிற மாசிக் கருவாட்டை அங்கே சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, வெயிலில் உலர்த்திச் செய்கிறார்கள். ஆண்களில் பலர் உலகக் கப்பல்களில் மாலுமிகள். மாதக்கணக்கில் வீடு திரும்ப மாட்டார்கள். அந்த வீட்டுப் பெண்களை நினைத்துக்கொண்டே படகேறினேன்.

ஊர் திரும்பிய மறு ஞாயிறு, இவர் என்னை அந்தப் புங்க மரத்தடிக்குக் கூட்டிப் போனார். சரியாக இரண்டு மாதத்தில் ஊரடங்கு வந்தது. பட்டறை பூட்டிக் கிடந்த அந்த நாட்களில் பணக் கஷ்டம் இருந்தது. ஆனால் வீட்டுக்குள் மௌனம் இல்லை.

கப்பலில் போக நினைக்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். அலை அதிகமில்லாத மாதங்களாகப் பார்த்துப் போங்கள், மழைக்காலம் வேண்டாம். தலை சுற்றினால் கப்பலின் நடுப்பகுதியில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். படிப்பதும் செல்போன் பார்ப்பதும் கூடாது. வயிறு முட்டச் சாப்பிடாமலும் பட்டினி கிடக்காமலும் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். இஞ்சி மிட்டாய் கையில் இருக்கட்டும். வாந்தி மாத்திரையை டாக்டரைக் கேட்டு, கப்பலேறுவதற்கு முன்பே போட்டுக் கொள்ள வேண்டும்; கர்ப்பிணிகள் கட்டாயம் கேட்க வேண்டும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் கைப்பையிலேயே, இரண்டு நாளுக்கு அதிகமாகவே இருக்கட்டும். படகில் இறங்கச் சேலையைவிடச் சுடிதார் நல்லது. செருப்பு வார் வைத்ததாக இருக்க வேண்டும். பயண நாட்களும் விதிகளும் அவ்வப்போது மாறும். விசாரித்துக் கொண்டு பணம் கட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ எந்தப் பெண்ணுக்காவது இப்படிக் குழந்தை தவறினால், 'மறந்துரு' என்று மட்டும் சொல்லாதீர்கள். குழந்தையைப் பார்க்க விருப்பமா என்று தாயைக் கேட்க வேண்டும் என்றுதான் இப்போது மருத்துவர்களும் சொல்கிறார்கள். அவள் புருஷனையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவனுக்கும் அது பிள்ளைதானே!

வளையல்? அது போன வருஷம்தான் வாங்கினேன். இரண்டுக்குச் சேர்த்த பணத்தில் தங்கம் விற்ற விலைக்கு ஒன்றுதான் வந்தது. எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை.