அண்ணாச்சியின் பிக்கப்பும் என் மின்வேதியியலும்

லித்தியம் மின்கலங்களின் நேர்மின்முனைப் பொருள்கள் குறித்து நான்காண்டுகளாக ஆய்வு செய்துவருகிறேன். ஆயினும் ஒரு பிக்கப் வண்டிக்கு எந்த பேட்டரியை வாங்குவதென்று சென்ற சனவரி வரை என்னிடம் எவரும் கேட்டதில்லை. கேட்டவர், மயூர் விஹார் முதல் பகுதியில் நான் குடியிருக்கும் தெருவில் இட்லி மாவும் தேங்காயும் வாழையிலையும் கொண்டுவந்து இறக்கும் நெல்லைக்காரர். "தம்பி, நீங்க பேட்டரிதான படிக்கீங்க? காலையில வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்கு" என்றார். அதிகாலை ஐந்து மணிக்கு வண்டி கிளம்பாவிட்டால் மாவு பகலில் புளித்துப்போகும். ஒருநாள் வருமானமும் அத்தோடு போகும்.

ஆய்வகத்திலிருந்து மல்டிமீட்டரைக் கொண்டுபோனேன். ஓய்வு நிலையில் 12.2 வோல்ட், நன்கு மின்னேற்றப்பட்ட ஈய அமில பேட்டரி 12.6 அல்லது அதற்குச் சற்று மேல் காட்டவேண்டும். சாவியைத் திருப்பியதும் 8-க்குச் சரிந்தது. உடனே பேட்டரியைப் பழிப்பதற்கு முன் முனைகளில் படிந்திருந்த வெண்பச்சை உப்பை வெந்நீரால் கழுவித் துடைத்தோம். பக்கத்து வண்டியிலிருந்து கம்பி இணைத்து எஞ்சினைக் கிளப்பியபின் ஆல்டர்னேட்டர் தந்தது 14 வோல்ட். ஆக அது குற்றமற்றது. முனைகளைத் துடைத்தும், இரவு முழுக்க மின்னேற்றியும் மறுநாள் அதே சரிவு. பேட்டரியின் ஆயுள் முடிந்திருந்தது.

குளிர்தான் கொன்றது என்பது அண்ணாச்சியின் முடிவு. நான் மறுத்தேன். கொன்றது சென்ற மே, சூன் மாதங்களின் வெயில். உடலைக் காட்டிக்கொடுத்தது மட்டுமே சனவரிப் பனி. வெப்பம் ஏற ஏற ஈயச் சட்டங்களின் அரிப்பும் நீரிழப்பும் விரைவடைகின்றன. பத்துப் பாகை கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது எங்கள் துறையின் தோராய விதி. குளிரில் வேதிவினை மந்தமாகி, எஞ்சின் எண்ணெயும் தடித்துவிடுவதால் ஒளிந்திருந்த நலிவு வெளிப்படுகிறது. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அழுத்தத்தின் வெப்பத்தாலேயே எரிய வேண்டியிருப்பதால் அதைச் சுழற்ற மிகுந்த மின்னோட்டம் வேண்டும்.

கடைவீதியில் வேறொரு ஆலோசனை காத்திருந்தது: இ-ரிக்‌ஷா பேட்டரியைப் போட்டுவிடலாம், மலிவு. இங்கேதான் என் படிப்பு முதன்முறையாகப் பயன்பட்டது. இ-ரிக்‌ஷாவின் பேட்டரி நெடுநேரம் நிதானமாக மின்சாரம் தருவதற்காகத் தடித்த தகடுகள் கொண்டது. வண்டியைக் கிளப்புவதற்கோ சில நொடிகளில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேண்டும். அதற்கு மெல்லிய தகடுகள் பல வேண்டும், பரப்பு வேண்டும். நூறு மீட்டர் ஓடுபவனையும் மாரத்தான் ஓடுபவனையும் மாற்றி நிறுத்துவதுபோல் என்றேன். அண்ணாச்சி, "உழவு மாட்டை ரேக்ளாவுல பூட்டுன மாதிரி" என்று திருத்தினார். அவருடையதே சிறந்த உவமை.

கடைக்காரர் குளிர்தொடக்க ஆம்பியர் அதிகமுள்ள ஒன்றைப் பரிந்துரைத்தார். அவ்வெண் கழிவு 18 பாகை செல்சியசில் அளக்கப்படுவது. தில்லி அந்தக் குளிரைக் கண்டதில்லை. வண்டியின் கையேடு கேட்கும் அளவு இருந்தால் போதும் என்று முடிவுசெய்து, வேறு மூன்றைப் பார்த்தோம்: தட்டில் பொருந்துகிறதா, நேர்முனை பழைய பக்கத்திலேயே உள்ளதா, தயாரான மாதம் எது. கடையில் முதலில் நீட்டப்பட்டது ஏழு மாதம் அலமாரியில் கிடந்தது. திருப்பிக் கொடுத்தோம்.

உண்மையான சிக்கல் உத்தரவாத அட்டையில் இருந்தது. நீண்ட உத்தரவாதமுள்ள பேட்டரிக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய் அதிகம். வண்டியோ 2016 ஏப்ரலில் நொய்டாவில் பதிவானது. தலைநகர் வலயத்தில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக்கூடாதென 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. எஞ்சியிருந்தவை பதினைந்தே மாதங்கள். வண்டியைவிட நெடுநாள் வாழப்போகும் பேட்டரிக்கு எதற்குப் பணம்? என் கணக்கு அப்படி. அண்ணாச்சி பேசாமல் நெடுநேரம் அட்டையையே பார்த்தார். பிறகு நீண்ட உத்தரவாதத்தையே வாங்கினார். அவர் கணக்கை நான் அன்று கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

பழையதற்குப் பழைய இரும்பு வாங்குபவர் கடையைவிட முந்நூறு ரூபாய் கூடுதலாகச் சொன்னார். கொல்லைப்புறங்களில் ஈயம் உருக்கப்படுவதைப் பற்றியும், உலகில் எண்பது கோடி வரையிலான சிறார்களின் இரத்தத்தில் கவலைக்குரிய அளவில் ஈயம் இருக்கலாம் என்று யுனிசெஃப் 2020-இல் மதிப்பிட்டதைப் பற்றியும் சொன்னேன். வித்தியாசத்தை நான் தருகிறேன் என்றதும் அவர் முகம் சுருங்கியது. கடையிலேயே கொடுத்தார். அங்கிருந்து அது முறையான மறுசுழற்சி ஆலைக்குத்தான் போயிற்று என்பதற்கு என்னிடம் சான்றில்லை.

சூலை 1-ஆம் நாள் தில்லி எரிபொருள் நிலையங்களில் வயது கடந்த வண்டிகளுக்கு டீசல் மறுக்கப்பட்டது. எதிர்ப்பினால் சில நாட்களிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்ட் 12-இல் உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் காட்டி உரிமையாளர்கள்மீது கடும் நடவடிக்கை இப்போதைக்கு வேண்டாம் என்றது. அன்று மாலை அண்ணாச்சி அழைத்தார். தீர்ப்பைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை. "ஒருவேள இந்த வண்டி போயிட்டுன்னா, தம்பி, அந்த பேட்டரி சிஎன்ஜி வண்டிக்குச் சேருமா?" என்றார். அவர் பார்த்துவைத்திருந்த வண்டியின் தட்டை அளந்து, நேர்முனை எந்தப் பக்கம் என்று படமெடுத்து அனுப்பச் சொன்னேன்.