சாம்பார் இல்லாத தோசை

பெங்களூரு, காந்தி பஜார்
சனிக்கிழமை காலை

அன்புள்ள செல்வம்,

கூடலூரில் பஸ் ஏறி இன்றோடு பத்து நாள். அங்கே மழை விட்டதா? சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் நீ தனியாக உட்கார்ந்திருப்பாய் என்று நினைத்தாலே மனசு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது.

பழைய டிபன் கடைகளைத் தேடிப் போகும் இந்தப் பயணத்தில் திருவல்லிக்கேணி ரத்னா கபே முடிந்தது. உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த ஒருவர் 1948-ல் தொடங்கிய கடை. பேர் வாங்கியதோ சாம்பாரில். இட்லி முங்குகிற வரைக்கும் ஊற்றுகிறார்கள். இங்கே லால்பாக் ரோட்டில் இருக்கும் எம்.டி.ஆர். 1924-ல் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் அரிசி கிடைக்காதபோது ரவையில் இட்லி வார்த்துப் பார்த்தது இவர்கள்தான் என்கிறார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில் விலையைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்தபோது, பண்டத்தில் கைவைக்க மனமில்லாமல் நஷ்டத்துக்கு விற்று, கடைசியில் கொஞ்ச காலம் கடையையே மூடினார்களாம். ரவா இட்லியைவிட அந்தக் கதைதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

ஆனால் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது வித்யார்த்தி பவன். நேற்றே வந்தேன், வெள்ளிக்கிழமை விடுமுறை என்று தெரியாது. பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். இன்று விடிந்ததும் வந்தால் வாசலில் கூட்டம். உள்ளே யாருக்கும் தனி மேசை கிடையாது. முன்பின் தெரியாத மூன்று பேரோடு ஒட்டி உட்கார்ந்தேன். சுவரில் கன்னட எழுத்தாளர்களின் படங்கள். 1943-ல் அக்கம்பக்கத்து மாணவர்களை நம்பித் தொடங்கிய கடை, அதனால்தான் மாணவர் என்று பொருள்படும் இந்தப் பெயர்.

வேட்டி கட்டிய சர்வர் ஒருவர் இடது கையில், உள்ளங்கையிலிருந்து தோள் வரைக்கும் தோசைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்தார். எண்ணினேன், பதினான்கு. நெரிசலுக்குள் புகுந்து, வலது கையால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒரு தட்டுகூட ஆடவில்லை. யார் என்ன கேட்டார்கள் என்று எதிலும் எழுதியும் வைத்துக்கொள்ளவில்லை.

தோசை நம் பக்கத்து மசால் தோசை மாதிரி நீளமாக இல்லை. சின்னது, தடிமன், மேலே செம்பழுப்பாக மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. விரலெல்லாம் நெய். இன்னொருவர் வந்து சட்னியைத் தண்ணீராகத் தட்டில் ஊற்றிவிட்டுப் போனார். நான் சாம்பாருக்குக் காத்திருந்தேன். எதிரே இருந்த பெரியவர், “இங்கே சாம்பார் இல்லப்பா, ஆறிடும், சாப்பிடு” என்றார் தமிழில். சுருக்கென்றது. சாம்பார் இல்லாமல் என்ன தோசை? ஒரு விள்ளலைச் சட்னியில் தோய்த்து வாயில் போட்டேன். தேங்காயும் பச்சை மிளகாயும் அப்படியே நாக்கில் ஏறின. அப்புறம் சாம்பார் நினைப்பே வரவில்லை.

அம்மா நினைப்புதான் வந்தது. விடியலில் தேயிலைத் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் தேங்காய் ரொட்டி தட்டி, சம்பல் இடித்து, நாலு தட்டில் வைத்துவிட்டுக் கூடையை எடுப்பாளே, அந்தக் கை. கால் மணி நேரம் ஆகுமா? இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த பழக்கம். உன் பங்கும் அதில் இருக்கும். பெரட்டுக்கு நேரமாச்சு என்று ஓடுகிறவளுக்கும், வகுப்புக்கு மணியடித்துவிட்டது என்று ஓடுகிறவனுக்கும் சாப்பாடு சட்டென்று வேண்டும். ஆனால் பக்குவம் குறையக் கூடாது.

வரும் வழியில் நெடுஞ்சாலைக் கடை ஒன்றில் ‘ஃபாஸ்ட் ஃபுட்’ போர்டு பளபளத்தது. டோக்கன் வாங்கி இருபது நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கைக்கு வந்தது ஆறிப்போன பன். இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. வேகச் சாப்பாடு வெளியிலிருந்து வந்தது என்பார்கள். டெல்லியில் மெக்டொனால்ட்ஸ் திறந்தது 1996-ல்தான். அதற்கு 13 வருஷம் முன்பே, 1983-ல், இதே ஊர் ஜெயநகரில் கபே தர்ஷினி வந்துவிட்டது. கையில் தட்டை வாங்கி, நின்றபடியே சூடாகச் சாப்பிட்டுவிட்டுப் போகிற மாதிரியான கடை. வேகத்தை நமக்கு யாரும் வந்து கற்றுக்கொடுக்கவில்லை, செல்வம்.

வீட்டுப் பக்கம் போனால் அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல். அடுத்த முறை அவளையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாக வருவோம். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், வேறு நாள் பார்த்து டிக்கெட் போடு.